நாகர்கோவில் நகருக்குள் செம்பருந்துக் கூடுகளின் வெற்றியைக் கணக்கிடுதல்: விராலடிப்பான் ஆய்வுமுறை இங்கே பொருந்துமா?

தேரூர்க்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். வரும் டிசம்பர் முதல் மே வரை, மாநகராட்சி எல்லைக்குள்ளும் அதை ஒட்டிய சுசீந்திரம், தேரூர், பறக்கை பகுதிகளிலும் கூடு கட்டும் செம்பருந்துகளை மாணவர்களைக் கொண்டு தொடர்ந்து கவனித்து, எத்தனை கூடுகளில் குஞ்சுகள் பறக்கும் பருவம் வரை வளர்கின்றன என்று கணக்கிட விரும்புகிறோம். முறை தேடிப் படித்தபோது, நகர்ப்புறங்களில் விளக்குக் கம்பங்களிலும் அலைபேசிக் கோபுரங்களிலும் கூடு கட்டும், மீனுண்ணும் வேட்டைப்பறவைகளான விராலடிப்பான்களை (Osprey) பற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த பணிகளே மிகுதியாகக் கிடைத்தன. இரண்டும் நீரை ஒட்டி வாழ்பவை, இரண்டும் குச்சிகளால் பெரிய கூடு கட்டுபவை, இரண்டும் மனிதரின் அருகே இருப்பதைப் பொறுத்துக்கொள்பவை என்பதால் அதே முறையை இங்கே எடுத்துக்கொள்ளலாமா என்பது என் முதல் கேள்வி. எந்தக் கூட்டைக் கணக்கில் சேர்ப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பவை அடுத்தவை.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஜூன் மாதத்தில் மணக்குடிக் கழிமுகத்தில் ஒரு விராலடிப்பானைக் கண்டதாக மாணவர் ஒருவர் படத்துடன் காட்டினார். வலசை வந்த பறவை ஜூனில் இங்கே இருக்கிறதென்றால் அது இங்கேயே கூடு கட்டுகிறது என்றுதானே பொருள் என்று வகுப்பில் வாதம் நடந்தது. மூத்தவர்கள் விளக்க வேண்டும்.

மணக்குடிக் காயல்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது தெளிவானால்தான் மற்றவை சரியாக அமையும். விராலடிப்பான் நம் மாவட்டத்துக்குக் குளிர்கால விருந்தாளி. மணக்குடியிலும், புத்தளம் உப்பளங்களை ஒட்டியும், தேரூர்க் குளத்திலும் அதைக் காண்பது அந்தக் காலத்தில்தான். இந்தியாவில் அது கூடு கட்டுவதாகச் சொல்லப்படும் இடங்கள் இமயமலைப் பக்கத்தவை.

ஜூனில் ஒன்று தென்பட்டால் அதற்கு எளிய விளக்கம் உண்டு. இந்த இனம் முதல் கூட்டைக் கட்டுவதற்கு மூன்று முதல் ஐந்து வயது வரை ஆகும். பிறந்த ஆண்டில் தெற்கே வந்த இளம்பறவை அடுத்த கோடையில் திரும்பிப் போவதில்லை. குளிர்காலத்தைக் கழித்த இடத்திலேயே அந்தக் கோடையையும் கழித்துவிட்டு அதற்கடுத்த ஆண்டில்தான் பெரும்பாலும் வடக்கே செல்லும். ஆகவே ஜூன் மாதத்து மணக்குடிப் பறவை, ஊர் திரும்பும் வயது வராத ஓர் இளம்பறவையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அது குச்சியைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டால்கூட, கூட்டையும் இணையையும் கண்ணால் காணாமல் இனப்பெருக்கம் என்று இணையத் தரவுத்தளத்தில் பதிய வேண்டாம் என்று மாணவர்களிடம் கூறுங்கள். அத்தகைய பதிவு ஒன்று நுழைந்துவிட்டால் அதை நீக்குவதற்குள் நான்கு கட்டுரைகளில் அது மேற்கோளாகிவிடும்.

படத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். வெண்மையான அடிவயிறு, கண்ணின் வழியே ஓடும் கரும்பட்டை, பறக்கும்போது மணிக்கட்டில் மடிந்து நிற்கும் நீண்ட சிறகு ஆகிய மூன்றும் இருந்தால் ஐயமில்லை. செம்பருந்து என்றால் முதிர்ந்த பறவையை யாரும் தவறவிட மாட்டார்கள். அதன் இளம்பறவைதான் பழுப்பாக இருந்து குழப்பும்.

முறையைப் பொறுத்தவரை, விராலடிப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதே என் கருத்து. எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

செசபீக் நாஞ்சிலான்

நான் கோட்டாறில் வளர்ந்தவன். இப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் செசபீக் விரிகுடாவை ஒட்டி வாழ்கிறேன். உலகில் விராலடிப்பான்கள் மிகுதியாகக் கூடு கட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. தன்னார்வலர்களோடு சேர்ந்து சில கூடுகளை ஆண்டுதோறும் கவனித்து வருவதால் இந்த முறை எப்படி உருவானது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே கூடுகளை எண்ணத் தொடங்கியது ஆர்வத்தால் மட்டும் நடந்ததன்று. நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் 1940களில் ஏறக்குறைய ஆயிரம் கூடுகள் இருந்தன என்றும், 1970 வாக்கில் அவற்றில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். விராலடிப்பான் நீண்ட நாள் வாழும் பறவை என்பதால், முட்டைகள் பொரிக்காமல் போகத் தொடங்கிய பிறகும் முதிர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் கூட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. பறவைகளை மட்டும் எண்ணியவர்களுக்கு எல்லாம் நலமாக இருப்பதாகவே தோன்றியது. கூட்டுக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணியவர்களுக்குத்தான் சிக்கல் முதலில் புலப்பட்டது. பிறகு பால் ஸ்பிட்சர் போன்ற ஆய்வாளர்கள் மேரிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து கனெக்டிகட் கூடுகளில் வைத்துப் பார்த்தபோது அவை பொரித்தன. குறை பெற்றோரிடத்திலோ கூட்டின் இடத்திலோ இல்லை, முட்டையில்தான் என்பது அதனால் உறுதியானது. டி.டி.டி. பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்ததே காரணம் என்று நிறுவப்பட்டு, 1972இல் அமெரிக்காவில் அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டபின் எண்ணிக்கை மீண்டது. ஸ்காட்லாந்தின் கதை வேறு. அங்கே வேட்டையாலும் முட்டை சேகரிப்பாலும் 1916 வாக்கில் கூடுகளே இல்லாமல் போய், 1954இல் தாமாகத் திரும்பி வந்தன.

இந்த வரலாற்றில் உங்களுக்குப் பயன்படுவது, முதிர்ந்த பறவைகள் கண்ணில் படுவது இனப்பெருக்கம் நன்றாக நடப்பதற்குச் சான்றாகாது என்பதே. வடசேரிச் சந்தைக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிடுவதைப் பார்த்து இங்கே அவற்றுக்குக் குறையொன்றுமில்லை என்று நாம் சொல்லிக்கொள்வது அதே வகையைச் சேர்ந்தது.

இங்கே பின்பற்றப்படும் எண் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் ஓர் இணை ஆண்டுக்குச் சராசரியாக 0.8 குஞ்சு அளவில் வளர்த்துப் பறக்கவிட்டால் எண்ணிக்கை நிலையாக நிற்கும் என்பது நெடுங்கால மதிப்பீடு. அண்மை ஆண்டுகளில் செசபீக்கின் மாப்ஜாக் பகுதியில் அது மிகத் தாழ்ந்து போனது. மென்ஹேடன் என்ற மீன் கிடைப்பது குறைந்ததுதான் காரணமா என்று மீன்பிடி நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இடையே பெரும் வாதம் நடக்கிறது. ஆனால் அந்த 0.8 அந்தப் பறவையின் ஆயுளையும், முதல் கூட்டை எந்த வயதில் கட்டுகிறது என்பதையும், இளம்பறவைகளில் எத்தனை பங்கு பிழைக்கின்றன என்பதையும் வைத்துக் கிடைத்தது. அவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். நாகர்கோவில் செம்பருந்துக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது.

கோட்டாறு கணக்கர்

நான் பறவை அறிந்தவனல்லன், புள்ளியியல் கற்பிப்பவன். ஆனால் இந்தக் கேள்வியில் பாதி எங்கள் துறையைச் சேர்ந்தது. மேடம் கேட்ட ‘எந்தக் கூட்டைக் கணக்கில் சேர்ப்பது’ என்பதை முடிவு செய்யாமல் களத்தில் இறங்கினால், பருவம் முடிந்தபின் எந்த விடை வேண்டுமோ அந்த விடையை வருவித்துக்கொள்ள முடியும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு நகரில் 14 இணைகள் இடம் பிடித்துக் கூட்டருகே நிற்கின்றன. அவற்றுள் 10 இணைகள் முட்டையிடுகின்றன. 6 கூடுகளிலிருந்து மொத்தம் 9 குஞ்சுகள் வளர்ந்து பறக்கின்றன. இடம் பிடித்த இணைக்கு 0.64 குஞ்சு, முட்டையிட்ட இணைக்கு 0.9 குஞ்சு, வெற்றி பெற்ற கூட்டுக்கு 1.5 குஞ்சு. மூன்றும் சரியான விடைகள்தாம். ஆனால் முதலாவதை ஓர் ஊருக்கும் மூன்றாவதை இன்னோர் ஊருக்கும் எடுத்து ஒப்பிட்டால் வெறும் உளறல்தான் மிஞ்சும். வேட்டைப்பறவை ஆய்வாளர்களிடையே 1970களில் போஸ்டுபால்ஸ்கி என்பவர் இந்த வகைப்பாட்டை வரையறுத்துத் தந்ததாகப் படித்தேன். அதற்கு முன்பு ஆளுக்கொரு வகுஎண் வைத்திருந்தார்களாம். நீங்கள் இடம் பிடித்த இணையையே வகுஎண்ணாகக் கொள்ளுங்கள். கடினமானதும் நேர்மையானதும் அதுவே.

அடுத்தது, தாமதமாகக் கண்டுபிடிக்கும் கூடுகளின் சிக்கல். டிசம்பரில் கட்டப்பட்டு ஜனவரியிலேயே அழிந்துபோன கூட்டை மாணவர்கள் பார்க்கவே மாட்டார்கள். பிப்ரவரி இறுதியில் குஞ்சு கத்துவதைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் கூடு ஏற்கெனவே பாதி ஆபத்துகளைத் தாண்டி வந்தது. ஆகவே கண்ட கூடுகளில் எத்தனை வென்றன என்று நேரே விழுக்காடு போட்டால் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். இதற்கு ஹரோல்ட் மேஃபீல்டு 1961இல் ஓர் எளிய வழி சொன்னார். கூடுகளை எண்ணாமல், ஒவ்வொரு கூடும் நம் கண்காணிப்பில் இருந்த நாள்களை எண்ணுங்கள். 10 கூடுகளை மொத்தம் 400 கூட்டு-நாள்கள் கவனித்து, 4 கூடுகள் அழிந்தன என்றால் ஒரு நாளில் ஒரு கூடு அழியும் வாய்ப்பு 0.01; பிழைக்கும் வாய்ப்பு 0.99. முட்டையிட்டது முதல் பறக்கும் வரை 77 நாள் என்று வைத்துக்கொண்டால் 0.99ஐ 77 முறை பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய 46 விழுக்காடு. நேரடி விழுக்காடோ 60. அதே 77 நாளுக்கு நாள்வாரிப் பிழைப்பு 0.995 ஆக இருந்தால் 68 விழுக்காடு கிடைக்கும். நாள்வாரி எண்ணில் அரை விழுக்காட்டு வேறுபாடு இறுதியில் எவ்வளவு பெரிதாகிறது என்று பாருங்கள். பார்த்த நாளைத் தவறாமல் குறிக்க வேண்டும் என்று மாணவர்களை வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

தேரூர்க்கரை

மூவருக்கும் நன்றி. வகுஎண் பற்றிய கருத்தை ஏற்கிறோம். செம்பருந்து பொதுவாக இரண்டு முட்டையிடும், அடைகாப்பு 26–27 நாள், குஞ்சு கூட்டில் ஏறக்குறைய ஏழு வாரம் என்று நூல்களில் இருப்பதால் நீங்கள் எடுத்த 77 நாள் பொருந்துகிறது. வாரம் ஒருமுறை பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் பெரும்பாலான கூடுகள் தென்னையின் கொண்டையில் இருப்பதால் கீழிருந்து உள்ளே எதுவும் தெரிவதில்லை. இதற்கு என்ன வழி?

புத்தளம் தென்னந்தோப்பு

தோப்பு வைத்திருப்பவன் என்ற முறையில் நான் அறிந்ததைச் சொல்கிறேன். தென்னையில் இருக்கும் பருந்துக் கூட்டைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய ஆள் தேங்காய் வெட்டுக்காரர்தான். எந்த மரத்தில் கூடு இருக்கிறது, முட்டையா குஞ்சா என்பது அவருக்குத் தெரியும்; பருந்து தலையில் அடிக்கும் என்பதால் அவருக்கு அது மறக்காது.

எங்கள் பக்கம் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை வெட்டு நடக்கும். சில தோப்புகளில் இரண்டு மாதம் வரை தள்ளிப் போகும். நீங்கள் சொல்லும் 77 நாளை இதோடு சேர்த்துப் பாருங்கள். 45 நாள் இடைவெளி என்றால் ஒரு கூட்டின் காலத்துக்குள் ஒரு வெட்டாவது கட்டாயம் விழும். பல கூடுகளுக்கு இரண்டு விழும். இரண்டு மாத இடைவெளியிலும் ஒன்றிலிருந்து தப்ப முடியாது. அடைகாக்கும் காலத்தில் வெட்டு விழுந்தால் பறவை எழுந்து போய்விடும், முட்டை வெயிலில் கிடக்கும், அந்த நேரம் காகம் வந்தால் முடிந்தது. குஞ்சு பெரிதான பிறகு வெட்டு விழுந்தால் பெரும்பாலும் பாதிப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கொண்டையைச் சுத்தம் செய்கிறேன் என்று காய்ந்த மட்டையோடு கூட்டையும் இழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரியாமல் செய்வதுதான், வன்மத்தால் அன்று.

ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டு நாளைக் குறித்து வையுங்கள். தோப்புக்காரரிடம் முன்கூட்டியே பேசினால், கூடு இருக்கும் ஒரு மரத்தை மட்டும் ஒரு வெட்டுக்கு விட்டுவிடச் சொல்லலாம். ஒரு மரத்துக் காய் என்ன பெரிய நட்டம்? அதே மரத்தில் காய் முற்றி விழுந்து யார் தலையிலாவது படும் இடமாக இருந்தால், வீட்டு முற்றத்து மரங்கள் அப்படித்தான், விடச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்கே மனிதர் முதலில்.

கோட்டாறு கணக்கர்

தோப்புக்காரர் சொன்னது பொன்னான தகவல். இதை வெறும் இடையூறாகக் கருதாமல் ஆய்வின் மையக் கேள்வியாகவே வைக்கலாம். கூடுகளை, வெட்டு அடைகாப்புக் காலத்தில் விழுந்தவை, குஞ்சுக் காலத்தில் மட்டும் விழுந்தவை, தென்னை அல்லாத மரங்களில் இருப்பவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாள்வாரிப் பிழைப்பைத் தனியே கணக்கிடுங்கள். ஒரு பருவத்தில் போதிய கூடுகள் கிடைக்காது. இரண்டு மூன்று ஆண்டு சேர்த்தால் சொல்லத்தக்க ஒன்று கிடைக்கும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மரத்தை விட்டுவிடச் சொல்லி நீங்களே கேட்ட கூடுகளை வேறாகக் குறிக்க வேண்டும். நீங்கள் காப்பாற்றிய கூட்டை ஊரின் இயல்பான கூடாகக் காட்டக் கூடாது.

பார்வதிபுரம் மாடி

கீழிருந்து தெரியாவிட்டால் மேலிருந்து பார்க்கலாமே. எங்கள் மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து இரண்டு தென்னைகளின் கொண்டைக்குள் நேராகப் பார்க்க முடிகிறது. நகரத்தில் ஆய்வு செய்வதன் ஒரே வசதி இதுவாகத்தான் இருக்கும். மாடி இல்லாத இடங்களில் நல்ல ட்ரோன் ஒன்றை ஒரு நிமிடம் பறக்கவிட்டால் முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்பது தெரிந்துவிடும். மார்த்தாண்டம் மேம்பாலத்திலிருந்தும் பல மரங்களின் உச்சி கண்மட்டத்தில் தெரிகிறது. கூடவே, வெளிநாட்டில் விராலடிப்பானுக்குச் செய்வதைப்போல் கம்பத்தின் மேல் பலகை மேடைகள் அமைத்தால் நம் செம்பருந்துகளும் வெட்டுத் தொல்லை இல்லாமல் கூடு கட்டுமே?

வேளிமலை

மாடி யோசனை மிக நன்று. ட்ரோனையும் மேம்பாலத்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

ட்ரோனைப் பற்றி முதலில். கூட்டில் இருக்கும் வேட்டைப்பறவை அதைத் தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு பறவையாகவே நடத்தும். அடைகாக்கும் பறவை பதறி எழும்போது முட்டை உருண்டு உடையலாம். பறக்கும் வயதை நெருங்கிய குஞ்சு அஞ்சி முன்கூட்டியே குதித்துவிடலாம். கூட்டின் வெற்றியை அளக்கப் போய் நாமே அதன் தோல்விக்குக் காரணமாவோம், அந்தத் தோல்வி நம் அட்டவணையில் இயற்கையானதாகப் பதிவாகும். சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறைக்குள், பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். கூட்டைத் தொடாமல், தொலைவிலிருந்து தொலைநோக்கியால் பார்க்கும்வரை சிக்கலில்லை. குஞ்சின் காலில் அடையாள வளையமிடுவது, மரமேறி அளவெடுப்பது போன்றவற்றுக்குத் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். உங்கள் நோக்கத்துக்கு அவை தேவையே இல்லை. எதுவாயினும் தொடங்குமுன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சுசீந்திரம், தேரூர், மணக்குடி ஈரநிலங்களைச் சேர்த்து 2015இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதி 2022இல் ராம்சர் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அந்த எல்லைக்குள் மாணவர் கூட்டம் தொலைநோக்கியோடு நின்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

மேம்பாலத்தில் வண்டியை நிறுத்திப் பறவை பார்ப்பது பற்றி நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

கூடுகளின் சரியான இடத்தை இந்த இழையிலோ வேறெங்கோ பொதுவில் எழுதாதீர்கள். படம் எடுப்பவர் கூட்டம் ஒரு மரத்தடியில் நாள்தோறும் நின்றால் அதுவும் ஓர் அழிவுக் காரணமே. இடம் ஆய்வேட்டில் இருக்கட்டும். வெளியே வார்டு அளவில் சொன்னால் போதும்.

செசபீக் நாஞ்சிலான்

பலகை மேடை பற்றி ஒரு சொல். இங்கே மேடைகள் பெருவெற்றி பெற்றதற்குக் காரணம், நீரோரத்தில் பட்டுப்போன உயர்ந்த மரங்கள் குறைந்துவிட்ட நிலையில் திறந்த உச்சியையே விரும்பும் விராலடிப்பானுக்கு அது அப்படியே பொருந்தியதுதான். மின்கம்பத்தில் கூடு கட்டித் தீப்பிடிப்பதையும் மின்சாரம் தாக்குவதையும் தவிர்க்க, மின் நிறுவனங்களே பக்கத்தில் மேடை அமைத்துக் கொடுக்கின்றன. செம்பருந்து இலைகளுக்கு நடுவே, கிளைக் கவையில் கூடு கட்டும் பறவை. எனவே மேடை வைக்குமுன், கூடு கட்ட இடமில்லாமல்தான் அவை தோற்கின்றனவா என்று அறிய வேண்டும். அதற்குத்தானே இந்தக் கண்காணிப்பு.

குளச்சல் கரை

கடற்கரைக்காரன் பார்வையில் இரண்டு செய்திகள். செம்பருந்து கூட்டுக்குள் கந்தல், கயிறு, பிளாஸ்டிக் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோகும். துறைமுகத்தை ஒட்டிய மரங்களில் அது பெரும்பாலும் கிழிந்த வலைத் துண்டும் நைலான் நரம்பும்தான். வெளிநாட்டில் வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறு காலில் சுற்றி விராலடிப்பான் குஞ்சுகள் சாவதாகப் படித்திருக்கிறேன். அதே சிக்கல் இங்கே வலை நூலால் வரும். ஆகவே குஞ்சு வளர்ந்த பிறகும் கூட்டை விட்டு எழாமல் ஒரே நிலையில் இருந்தால் தொலைநோக்கியில் காலைப் பாருங்கள். அப்படிக் கண்டால் நீங்களே ஏறாமல் வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது, மீன்பிடித் தடைக்காலம். நம் மாவட்டத்தின் வினோதம் உங்கள் ஆய்வுக்கு உதவக்கூடும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் மேற்குக் கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில், சில பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில், ஏப்ரல் பிற்பாதியில் ஒரு துறைமுகத்தில் விசைப்படகுக் கழிவு மீன் நின்றுபோகிறது, மற்றதில் தொடர்கிறது. தாமதமாக முட்டையிட்ட செம்பருந்துகளுக்கு அந்த நேரத்தில்தான் குஞ்சு பெரிதாகித் தீனி மிகுதியாகத் தேவைப்படும். நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் தொடர்ந்து போவதால் மீன் அடியோடு அற்றுப்போகாது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். இரு துறைமுகங்களின் அருகிலும் சில கூடுகளை எடுத்துக்கொண்டால், நகரின் உட்பகுதிக் கூடுகளோடு ஒப்பிட வழி கிடைக்கும்.

மணக்குடிக் காயல்

குளச்சல் நண்பர் சொன்ன ஒப்பீட்டை நான் மிகவும் வரவேற்கிறேன். இது வெளிநாட்டு முறையை நகலெடுப்பதால் கிடைக்காதது. ஆனால் அதை இரண்டாம் ஆண்டுக்கு வையுங்கள். முதல் ஆண்டில் நகரத்துக் கூடுகளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருக்கும்.

கண்டுபிடிப்பதற்கு நல்ல காலம் நவம்பர் இறுதியும் டிசம்பரும். இணை சேர்ந்து உயரத்தில் சுழல்வதும், குச்சி தூக்குவதும், ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பழைய கூட்டையோ அதன் பக்கத்து மரத்தையோ அவை விரும்புவதால் கடந்த ஆண்டுக் கூடுகளின் பட்டியல் இருந்தால் பாதி வேலை குறையும். ஓர் எச்சரிக்கை: இங்கே அந்த மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டம் முழுதும் தென்னையும் ரப்பரும் பழைய நிழல்மரங்களும் சாய்ந்தன. கூடு கட்டும் பருவத்தின் வாசலில் கூட்டு மரங்களே போய்விட்டன. அதைப் போன்ற ஓர் ஆண்டில் இடம் பிடித்த இணைகளை எண்ணாமல் கூடுகளை மட்டும் எண்ணியிருந்தால், கூடில்லாமல் நின்ற இணைகள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டா. கணக்கர் ஐயா சொன்ன வகுஎண்ணை அதற்காகவே ஏற்கிறேன்.

கீழிருந்து கூட்டுக்குள் தெரியாத நிலையில் பறவையின் நடத்தையை வைத்தே நிலையைக் கணிக்கலாம். ஒரு பறவை நெடுநேரம் கூட்டில் தாழ்ந்து அமர்ந்து, வால் நுனியோ தலையோ மட்டும் தெரிந்தால் அடைகாப்பு. இரையோடு வந்த பறவை கூட்டின் விளிம்பில் நின்று குனிந்து குனிந்து நிமிர்ந்தால் சிறு குஞ்சு. மரத்தடியில் வெள்ளை எச்சக் கோடுகளும் மீன் முள்ளும் விழத் தொடங்கினால் குஞ்சு வளர்ந்துவிட்டது. குஞ்சு கூட்டை விட்டு மட்டையின் மேல் நடந்து பழகும் கட்டத்தில் கூடு வெறுமையாகத் தெரியும். அவசரப்பட்டுத் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது. பறந்த பிறகும் சில வாரம் பெற்றோரை அண்டியே இருக்கும். அந்த இளம்பறவையைக் கள்ளப்பருந்து என்று எழுதிவிடாமல் வாலைப் பாருங்கள். செம்பருந்துக்கு வால் நுனி வட்டமாகவும் கள்ளப்பருந்துக்குப் பிளவுபட்டும் இருக்கும்.

தேரூர்க்கரை

அனைவரின் கருத்துகளையும் சேர்த்து இப்படி முடிவு செய்திருக்கிறோம். நவம்பர் நடுவில் தொடங்கி, மாநகராட்சி வார்டுகளைப் பிரித்துக்கொண்டு இடம் பிடித்த இணைகளைத் தேடுவோம். ஒவ்வொரு கூட்டுக்கும் மொட்டை மாடியோ சாலையோரமோ ஒரு நிலையான பார்வையிடத்தை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் பார்ப்போம். ட்ரோன் கிடையாது. பார்த்த நாள், மரவகை, கடைசி வெட்டு நாள், பறவை இருந்த நிலை, குஞ்சு எண்ணிக்கை, நாங்கள் தலையிட்டோமா இல்லையா ஆகியவை படிவத்தில் இருக்கும். வடசேரிப் பக்கம் ஓர் அலைபேசிக் கோபுரத்தில் குச்சிக் குவியல் ஒன்று தெரிகிறது. அது காகத்துடையதா பருந்துடையதா என்று தெரியும்வரை அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. ஒரு வாரம் கூட்டில் நன்கு இறகு முளைத்த குஞ்சைப் பார்க்கிறோம்; அடுத்த வாரம் கூடு வெறுமை, பெற்றோரும் கண்ணில் படவில்லை. அதை வெற்றி என்று எழுதுவதா, தோல்வி என்று எழுதுவதா?

கோட்டாறு கணக்கர்

இதற்கு வேட்டைப்பறவை ஆய்வில் ஒரு மரபு இருக்கிறது. குஞ்சு கூட்டில் இருக்க வேண்டிய காலத்தில் 80 விழுக்காட்டை எட்டிய பிறகு கடைசியாக உயிருடன் பார்க்கப்பட்டால் அந்தக் கூட்டை வெற்றி என்று கொள்வார்கள். செம்பருந்துக்கு 50 நாள் என்று வைத்தால் 40 நாள். ஆகவே பொரித்த வாரம் தெரிந்த கூடுகளில், 40 நாளைத் தாண்டிய குஞ்சை முந்தைய வருகையில் கண்டிருந்தால் வெற்றி என்று எழுதலாம். அதற்குக் குறைவான வயதில் மறைந்திருந்தால் தோல்வி; அழிந்த நாள் தெரியாததால் இரு வருகைகளுக்கும் நடுநாளை எடுத்துக்கொள்ளுங்கள், மேஃபீல்டும் அப்படித்தான் செய்தார். பொரித்த வாரமே தெரியாத, தாமதமாகக் கண்ட கூடாக இருந்தால் இரண்டிலும் சேர்க்காமல் ‘முடிவு அறியப்படாதது’ என்று எழுதி, கடைசியாகக் குஞ்சைக் கண்ட நாள் வரையிலான கூட்டு-நாள்களை மட்டும் கணக்கில் சேருங்கள். வெறுமையான கூட்டைக் கண்ட அன்றே மரத்தடியில் இறகோ உடலோ கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மாலையில் ஒருமுறை போய்ச் சுற்றுப்புற மரங்களில் இளம்பறவை இரை கேட்டுக் கத்துகிறதா என்று கேளுங்கள். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இப்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் நினைவிலிருந்து நிரப்ப முடியாது.